விடுதி விதிகளும் பின்வாசல் பூட்டும்



தமிழ்நாட்டில் கல்லூரி விடுதி விதிகள் இறுகியது ஒரு கொலைக்குப் பிறகுதான். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, ராகிங்கில் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதையடுத்து 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ராகிங் தடுப்பு விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும்; புதியவர்களுக்கு முடிந்தவரை தனிப் பகுதி ஒதுக்க வேண்டும்; எந்நேரமும் வார்டனை அணுக வழி இருக்க வேண்டும்.

எங்கள் பெரியதாழைப் பெண்பிள்ளைகள் தூத்துக்குடியிலோ நெல்லையிலோ சேரும் தனியார் விடுதிக்கு, 2014ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வீட்டில் விசாரிப்பதென்னவோ உரிமத்தை அல்ல, சாப்பாட்டையும் வாடகையையும்தான்.

தீ பற்றித்தான் யாருக்கும் நினைப்பில்லை. 2024 செப்டம்பரில் மதுரைப் பெண்கள் விடுதியொன்றில் ஃபிரிட்ஜில் பிடித்த தீ உயிர்களைக் குடித்தது. பல விடுதிகளில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்று சார்ஜர், ஒரு கெட்டில், ஓர் இஸ்திரிப் பெட்டி. தீப்பிடித்தால் தப்ப வேண்டிய பின்வாசல் கிரில்லில் ஈரத்துணி காய்கிறது. அதற்குப் பின்னால் பூட்டு. சாவி வார்டன் இடுப்பில். இரவில் பின்வாசலைப் பூட்டத்தான் வேண்டுமென்றால், உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் போதும்.

— ஒரு வாசகர், பெரியதாழை