வெளியே போய்த் திரும்பியவர் வேண்டும்

கொழும்பு மருதானையில் உள்ள புனித சூசையப்பர் கல்லூரி 1896-இல் தொடங்கப்பட்டது. பெயரில்தான் கல்லூரி, இலங்கை வழக்கப்படி அது பள்ளிக்கூடம். தொடக்கத்திலிருந்து 1940 வரை அதன் அதிபர் நாற்காலியில் அமர்ந்தவர்கள் ஐரோப்பியத் துறவிகளே. கடைசியாக இருந்தவர் பிரெஞ்சு நாட்டுத் தாவரவியல் அறிஞர் மொரிஸ் லெ கோக் அடிகளார். அவருக்குப் பிறகு அதே பள்ளியில் அவரிடமே படித்த தமிழர் ஒருவர், அமல மரித் தியாகிகள் சபைத் துறவி பீட்டர் பிள்ளை, அதிபரானார். அந்தப் பள்ளியின் முதல் இலங்கை அதிபர் அவர்தான். கத்தோலிக்கப் பள்ளியில் படித்த மாணவர் அதே பள்ளிக்குத் தலைவராகத் திரும்பி வருவதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தப் பெயர் முன்னால் வந்து நிற்கிறது. அப்படி ஒருவர் பொறுப்பேற்றால் நம் ஊரில் சால்வை போர்த்துகிறோம், பதாகை வைக்கிறோம், 'நம்ம ஸ்கூல் பையன்' என்று பெருமைப்படுகிறோம். பெருமையில் தவறில்லை. அந்த நியமனத்தால் இன்று படிக்கிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விதான் கேட்கப்படாமலே போகிறது.

பீட்டர் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே போனவர். கேம்பிரிட்ஜிலும் ரோமிலும் பயின்றார். தொழிலாளர் கூலி, வறுமை, திருச்சபையின் சமூகப் போதனை என்று வகுப்பறைக்கு வெளியே இருந்த கேள்விகளைச் சுமந்துகொண்டு திரும்பினார். 'சோஷியல் ஜஸ்டிஸ்' என்ற இதழின் வழியாக அவற்றைப் பொதுவெளியில் பேசினார். அவர் பொறுப்பேற்ற சிறிது காலத்தில் இரண்டாம் உலகப் போர் இலங்கையை எட்டியது. பள்ளிக் கட்டடங்களைப் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்டது. வகுப்புகள் ஊர்விட்டு ஊர் போயின. கட்டடம் கையில் இல்லாத நேரத்தில் ஒரு பள்ளியைப் பள்ளியாகவே வைத்திருக்க, அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று உள்ளிருந்து அறிந்தவர் தேவை. 1954-இல் அவர் கொழும்பில் அக்வைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியை நிறுவினார். தான் படித்த பள்ளியின் மரபைக் காப்பதோடு நின்றிருந்தால் அந்தக் கல்லூரி பிறந்திருக்காது.

என் வாதம் இதுதான். பழைய மாணவர் என்பதே ஒரு தகுதி ஆகாது. ஆனால், வெளியே போய் வேறு நிறுவனங்களைப் பார்த்து, வேறு மனிதர்களோடு வேலை செய்து திரும்பிய பழைய மாணவருக்கு வேறு யாருக்கும் வாய்க்காத ஓர் உரிமை இருக்கிறது: பழையதை மாற்றும் உரிமை. வெளியிலிருந்து வரும் தலைமையாசிரியர் ஒரு வழக்கத்தை நிறுத்தினால் 'இந்தப் பள்ளியைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்' என்பார்கள். அந்தப் பள்ளியிலேயே முழங்காலில் நின்றவர் பிரம்பை எடுத்து வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது. தாம்பரத்திலும் இதற்கு நெருங்கிய முன்மாதிரி உண்டு. 1837-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1962 வரை இந்திய முதல்வரைக் கண்டதில்லை. அந்த ஆண்டு பொறுப்பேற்ற சந்திரன் தேவநேசன் அங்கேயே படித்த வரலாற்றாசிரியர். இடையில் கேம்பிரிட்ஜும் ஹார்வர்டும் சென்று வந்தவர். அது கத்தோலிக்க நிறுவனம் அல்ல, உயர்நிலைப் பள்ளியும் அல்ல என்றாலும், போய்த் திரும்பியவர் கையில் தலைமை ஒப்படைக்கப்பட்ட விதம் ஒன்றுதான்.

சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கம் போன்ற ஊர்களுக்கு இந்தக் கேள்வி இப்போது புதிதாக வருகிறது. ஆர்மீனியன் தெருவின் புனித மரியன்னைப் பள்ளிக்கும் சாந்தோமின் புனித பீட்ஸ் பள்ளிக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழைய மாணவர்கள் உண்டு. மேடவாக்கம் பிரதான சாலையிலும் இருநூறடிச் சாலையை ஒட்டியும் வயலும் ஏரிக்கரையும் குடியிருப்பாக மாறியது அண்மைக் காலத்தில்தான். இந்தப் பகுதி அடங்கிய செங்கல்பட்டு மறைமாவட்டமே 2002-இல்தான் உருவானது. புறநகர்ப் பள்ளிகளின் முதல் அணி மாணவர்கள் இப்போதுதான் தலைமை ஏற்கும் வயதுக்கு வருகிறார்கள். துறவற சபைகள் நடத்தும் பள்ளிகளில் தலைமையாசிரியரும் தாளாளரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுகிறார்கள். ஊரின் குடிநீர் லாரியையும், மழைக்காலத்தில் நீரில் நிற்கும் தெருக்களையும், எந்தக் குழந்தை எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதையும் புரிந்துகொள்வதற்குள் அடுத்த மாற்றல் உத்தரவு வந்துவிடுகிறது. ஊரை அறிந்த ஒருவர் பொறுப்புக்கு வந்தால் இந்த இழப்பு குறையும். அவர் துறவியாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; பொதுநிலையினரிலும் தேர்ந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு எதிரான முதல் கேள்வி பணிமூப்பு பற்றியது. இருபத்தைந்து ஆண்டு அதே பள்ளியில் கரும்பலகை முன் நின்றவரை விட்டுவிட்டு, அங்கே படித்தவர் என்ற பந்தத்துக்காக இன்னொருவரை உட்கார வைப்பது நியாயமா? சட்டம் நிர்வாகத்தின் பக்கம் நிற்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி சிறுபான்மைப் பள்ளி தன் தலைமையாசிரியரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பணிமூப்பு வரிசைக்கு அது கட்டுப்பட்டதல்ல என்று 1998-இல் அம்மது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லூரி முதல்வர் விஷயத்திலும் 2006-இல் அதே நிலையைத் தெளிவாக்கியது. ஆனால் நீதிமன்றம் தந்திருப்பது உரிமை. அதைப் பயன்படுத்தும் நிர்வாகம் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. ஏன் இவர், ஏன் அந்த மூத்த ஆசிரியர் இல்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் முகம் பார்த்துச் சொல்ல முடியாத நியமனத்தைச் செய்யக் கூடாது. உதவிபெறும் பள்ளிகளில் சம்பளம் மக்கள் வரிப்பணத்திலிருந்து வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கனமானது. எளிதில் தாண்டிப் போகக் கூடாதது. பழைய மாணவருக்கு முன்னுரிமை என்றால், அன்று வகுப்பில் முன்வரிசையில் யார் இருந்தார்களோ அவர்களே இன்று தலைமைக்கும் வருவார்கள். தமிழகத் திருச்சபைக்குள் சாதி இருக்கிறது. கல்லறையில்கூட அது சுவர் எழுப்பியிருக்கிறது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமையைக் கொடிய சமூகப் பாவம் என்றது. நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்றும் அதே ஆவணம் ஒப்புக்கொண்டது. முன்னாள் மாணவர் சங்கத்தில் குரல் ஓங்கியவர்களின் விருப்பப்படி தலைமை நியமனம் நடந்தால் இந்தக் கணக்கு மாறவே மாறாது. எனவே பழைய மாணவர் என்று சொல்லும்போது எந்தப் பழைய மாணவர் என்றும் கேட்டாக வேண்டும். விடுதியில் தங்கி, கட்டணச் சலுகையில் படித்து, இன்று வேறெங்கோ நல்லாசிரியராக இருக்கும் பெண்ணும் அந்தப் பள்ளியின் பழைய மாணவிதான். அவரைத் தேடிப்போய் அழைத்திருக்கிறோமா? அவர் தலைமைக்கு வருவது, அன்று முன்வரிசையில் இருந்தவர் வருவதைவிடப் பள்ளியை அதிகம் மாற்றும்.

மூன்றாவதாக, பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். உண்மைதான், பீட்டர் பிள்ளையே இதற்கு விலக்கல்ல. இலங்கையின் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945-இல் நடைமுறைப்படுத்திய இலவசக் கல்வித் திட்டம் சமயப் பள்ளிகளின் தன்னாட்சியைத் தொட்டபோது, அதை எதிர்த்த கத்தோலிக்கக் குரல்களில் முன்னால் நின்றது அவர் குரல். ஏழைத் தொழிலாளிக்காக எழுதிய அதே கை, ஏழைப் பிள்ளைக்கு வாசல் திறந்த சட்டத்தோடு மல்லுக்கு நின்றதை எண்ணிப் பார்க்கலாம். பள்ளி தன் தனித்தன்மையை இழந்துவிடும் என்ற அவருடைய அச்சத்தில் பொருள் இருந்தது. 1960-இல் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைக் கையகப்படுத்தியபோது அது நடக்கவும் செய்தது. ஆனாலும் இலவசக் கல்வியால் அந்த நாடு அடைந்த எழுத்தறிவைப் பார்க்கும்போது, அந்த விவாதத்தில் கன்னங்கராவின் தட்டே தாழ்கிறது என்பது என் கணிப்பு. தான் படித்த பள்ளியை நேசிப்பவர் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியின் பிள்ளையையும் கணக்கில் வைக்க வேண்டும். அதற்கு நியமனத்தின்போதே ஒரு கால வரையறையும், பெற்றோரும் ஆசிரியர்களும் கேள்வி கேட்கும் ஒரு மேடையும் தேவை.

ஆகவே சபைத் தலைவர்களுக்கும் மறைமாவட்டக் கல்வி அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் அணி முதல் இன்றுவரை படித்து வெளியேறி ஆசிரியப் பணிக்குப் போன அனைவரின் பட்டியலையும் ஒவ்வொரு பள்ளியும் தயாரிக்கட்டும். பெண்கள், தலித்துகள், பிற சமயத்தவர் எவரும் விடுபடக் கூடாது. அடுத்த நியமனத்துக்கு முன் அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முன்னாள் மாணவர் சங்கத்தினரே, சால்வையோடு போகும்போது புதிய தலைமையாசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: நாம் படித்த காலத்தில் இங்கே நடந்தவற்றில் எதை நிறுத்தப் போகிறீர்கள்?