கணக்கில் ஏறாத செம்மரம்

மரம் ஏற்றுமதி செய்யும் இரு நாடுகளை ஒப்பிடும்போது, எது மிகுதியாக விற்றது என்பதையே முதலில் நோக்குகிறோம். மியான்மர் நெடுங்காலம் தேக்கைப் பேரளவில் விற்றது; 2014 ஏப்ரலில்தான் அறுக்காத மரங்களின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அதனோடு ஒப்பிட்டால் இந்தியாவின் செம்மர ஏற்றுமதி மிகச் சிறிது. ஆனால், எண் சிறிதாயின் பொருளும் சிறிது என்று கொள்வது தவறு.

தெலுங்கில் எர்ரசந்தனம் எனப்படும் செம்மரம், பெரும்பாலும் திருப்பதி, சித்தூர், கடப்பை ஆகிய பகுதிகளின் மலைகளிலேயே இயற்கையாக வளர்கிறது. அதன் வயிரம் முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனாவில் அறைகலன்கள் செய்யவும், ஜப்பானில் இசைக்கருவிகள் செய்யவும் அதனை விரும்பி வாங்குகின்றனர். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை, 1995 முதல் அதன் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும், கடத்தப்படும் மரம் ஏற்றுமதிக் கணக்கில் ஏறுவதில்லை.

மனித உயிரும் அக்கணக்கில் ஏறுவதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், காவல்துறையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். அவர்கள் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் காவல்துறை கூறியது. கடத்தலால் பெரும்பொருள் ஈட்டுவோர் தொலைவில் இருக்க, கோடரி ஏந்தும் ஏழையே காட்டில் அகப்படுகிறான்.

ஆகவே, உழவர் தம் நிலத்தில் வளர்க்கும் செம்மரத்தை முறைப்படி விற்க வழி எளிதாதல் வேண்டும். மலைவாழ் மக்களுக்குத் தம் ஊரிலேயே வேலை கிடைத்தல் வேண்டும். மாணவர்களே! ஏற்றுமதிப் பட்டியலைக் காணும்போது அதில் உள்ள எண்களைப் படியுங்கள். அதில் இல்லாதவை எவை என்றும் கேளுங்கள்.