கடை திறக்குமுன் காகிதம் எடுங்கள்



நம் குடும்பங்களுக்குத் தொழில் புதிதன்று. தைத்த ஆடை, அத்தர், அல்வா, கோரைப்பாய், தோல் பொருள் என ஏதேனும் ஒன்றைச் செய்து விற்கும் வீடுகள் ஊர்தோறும் உள்ளன. அப்பொருள்களை இணையக் கடை வழியாக விற்க வேண்டும் என்ற ஆவல்தான் புதிது. அந்த ஆவல் நல்லதே. ஆயினும் அதை நிறைவேற்றப் பலர் மேற்கொள்ளும் வழி நல்லதாக இல்லை.

வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணம், அல்லது வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்துப் பெற்ற தொகை, மென்பொருள் செய்பவரின் கையில் கொடுக்கப்படுகிறது. கொடுப்பவர் சொல்வதோ, "நல்லதாக ஒரு கடை செய்து கொடுங்கள், தம்பி" என்ற ஒரே வாக்கியம். அந்தத் தம்பி பெரும்பாலும் மச்சானுக்கு நண்பராகவோ மாமிக்கு உறவினராகவோ இருப்பார். ஆறு மாதம் கழித்துக் கடை வருகிறது. "இதையா நான் கேட்டேன்?" என்கிறார் ஒருவர். "இதை நீங்கள் சொல்லவே இல்லையே, காக்கா!" என்கிறார் மற்றவர். இருவரும் பொய் சொல்லவில்லை. பணம் போவதோடு உறவும் முறிகிறது.

இதற்குக் காரணம் யாது? என்ன வேண்டும் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதே. தையற்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு, அளவு கொடுக்காமல் திரும்பி வருவோமா? கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். அதைக் கடனோடு நிறுத்திவிடுவது ஏனோ?

வல்லுநர்களும் தடுமாறிய இடம்

இது படிப்பறிவு குறைந்தோருக்கு மட்டும் உரிய குறை என்று எண்ணிவிடாதீர்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் 360 வரிசைக் கணினிகளுக்கான இயக்க மென்பொருளை உருவாக்கும் பணிக்குத் தலைமை ஏற்றவர் ஃபிரெடரிக் புரூக்ஸ் என்ற அமெரிக்க அறிஞர். 1986-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், மென்பொருள் வேலையிலேயே மிகக் கடினமான பகுதி, எதைச் செய்ய வேண்டும் என்பதைத் துல்லியமாக முடிவு செய்வதே என்று வாதிட்டார். அந்த முடிவில் தவறினால், பின்னர் திருத்துவது வேறெந்தத் தவற்றைத் திருத்துவதைவிடவும் கடினம் என்பது அவர் கருத்து.

இதற்குச் சான்றாக லண்டனில் ஒரு கடை இருந்தது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் மால்ம்ஸ்டன், காய்சா லீண்டர் ஆகியோர் மற்றொருவருடன் சேர்ந்து தொடங்கிய 'பூ.காம்' என்ற ஆடைக் கடை அது. ஒரே நேரத்தில் பல நாடுகள், பல மொழிகள், பல நாணயங்கள். ஆடையை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கும் படங்கள். வாடிக்கையாளரோடு உரையாடும் ஒரு சித்திரப் பெண். இத்தனையும் முதல் நாளிலேயே வேண்டும் என்று திட்டமிட்டார்கள். 1999 மே மாதம் திறக்க வேண்டிய கடை நவம்பரில்தான் திறந்தது. அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்ததோ தொலைபேசிக் கம்பி வழியே வந்த மந்தமான இணைப்பு. படங்கள் விரியுமுன் வாங்க வந்தவரின் பொறுமை கரைந்தது. 2000 மே மாதத்தில் கடை மூடப்பட்டது. செலவான தொகை ஏறத்தாழ 13 கோடியே 50 இலட்சம் டாலர்.

'எங்களுக்கு என்னென்ன வேண்டும்' என்று அவர்கள் கேட்டார்கள். 'வாங்குபவர் எந்தக் கருவியோடு, எந்த இணைப்போடு வருவார்' என்ற கேள்விக்கு அதே எடையைக் கொடுத்திருந்தால், அந்தப் பட்டியல் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

பாய்க் கடை ஒன்றை எண்ணிப் பாருங்கள்

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கோரைப்பாய் நெய்து வருவதை அறிவீர்கள். மணமக்களின் பெயரை நெசவிலேயே பொறித்துத் தரும் கலியாணப் பாய் அவ்வூரின் சிறப்பு. அப்படி ஒரு குடும்பம் இணையக் கடை தொடங்க விரும்புவதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் காகிதத்தில் எழுத வேண்டியவை யாவை?

முதற்கண், கடையைப் பயன்படுத்துவோர் யார் என்று எழுத வேண்டும். வாங்குபவர் ஒருவர். விலையையும் படத்தையும் மாற்றும் வீட்டுக்காரர் ஒருவர். கட்டி அனுப்பும் பிள்ளை ஒருவர். நெய்பவர் ஒருவர். நெய்பவருக்குக் கணினி தேவையில்லை. ஆனால் எந்தப் பெயர், எந்த அளவு, எந்த நிறம், எந்த நாளுக்குள் என்ற சீட்டு அவர் கைக்கு அச்சாகி வர வேண்டும். இதை எழுதாவிட்டால் மென்பொருள் செய்பவருக்கு இது தோன்றவே தோன்றாது.

அடுத்து, பொருளின் வகை. நெய்து முடித்து அலமாரியில் இருக்கும் பாய் ஒரு வகை. ஆர்டர் வந்த பின் நெய்யும் பாய் மற்றொரு வகை. முதல் வகைக்கு இருப்புக் கணக்கு வேண்டும். ஒரே ஒரு பாய் இருக்கையில், சென்னையிலும் கொழும்பிலும் இருவர் ஒரே நிமிடத்தில் பணம் கட்டினால் யாருக்குக் கொடுப்பது? இரண்டாம் வகைக்கு இருப்பு கிடையாது. நாள் கணக்குத்தான் உண்டு. நிக்காஹ் நாளை வாங்குபவர் குறிப்பிட்டதும், நெசவுக்கும் அனுப்புவதற்கும் நாள் போதுமா என்று கடையே கணக்கிட்டு, போதாவிடில் பணம் வாங்குமுன் மறுத்துவிட வேண்டும். நிக்காஹ் முடிந்த மறுநாள் வந்து சேரும் பாயால் யாருக்கு என்ன பயன்?

பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. தமிழிலா ஆங்கிலத்திலா? எத்தனை எழுத்து வரை? எழுத்துப் பிழை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? வாங்குபவர் தாமே தட்டச்சு செய்த பெயரை மீண்டும் காட்டி, 'சரி' என்று ஒப்புதல் பெற்ற பிறகே நெசவுச் சீட்டு அச்சாக வேண்டும். நெசவு தொடங்கிய பின் மாற்ற இயலாது என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். ஒருவருடைய பெயர் பொறித்த பாயை வேறொருவருக்கு விற்க முடியாது. ஆகவே அதற்குப் பொருளைப் பெற்றபின் பணம் தரும் வசதி கூடாது, முன்பணம் வேண்டும்.

சுருட்டிய பாய் எடை குறைந்தது, ஆனால் நீளமானது. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டுமன்றி, பொதி அடைக்கும் இடத்தையும் கணக்கிட்டுக் கட்டணம் விதிப்பதுண்டு. எடையை மட்டும் வைத்துக் கட்டணம் போடும் மென்பொருள், ஒவ்வொரு பாயிலும் கடைக்காரருக்கு நட்டத்தைத் தேடித் தரும்.

நடக்கக் கூடாதவற்றையும் எழுதுங்கள்

நடக்க வேண்டியதை எழுதுவோர் பலர். நடக்கக் கூடாததை எழுதுவோர் சிலரே. 1995-இல் திறக்கப்பட்ட அமேசான் புத்தகக் கடையின் தொடக்க நாள்களில், எத்தனை பிரதி என்ற இடத்தில் பூச்சியத்திற்குக் குறைந்த எண்ணையும் எழுத முடிந்ததாம். அப்படி எழுதினால், புத்தகத்தின் விலை வாங்குபவரின் கணக்கிலேயே வரவு வைக்கப்படும்! இதை அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸே பிற்காலத்தில் நகைச்சுவையாக எடுத்துரைத்திருக்கிறார். அவர் சிரிக்கலாம், சிறு முதலுடையோர் சிரிக்க இயலுமா?

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள். வங்கியில் பணம் கழிந்து கடைக்கு வந்து சேராவிட்டால்? முகவரியில் ஆள் இல்லையென்று பொதி திரும்பி வந்தால்? பாயில் ஈரம் பட்டிருந்தால்? பாதி நெய்த பின் கலியாணமே தள்ளிப் போனால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி விடை போதும். இந்த விடைகளை அறிந்தவர் மென்பொருள் செய்பவரல்லர். வாடிக்கையாளரின் தொலைபேசிக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வீட்டுப் பெண்களே அறிவார்கள். பட்டியல் எழுத உட்காரும்போது உம்மாவையும் ராத்தாவையும் அடுப்படியிலேயே விட்டுவிடாதீர்கள்.

சட்டம் கேட்பவை

சில தேவைகளை நாம் தீர்மானிப்பதில்லை, அரசு தீர்மானிக்கிறது. 2017 ஜூலை முதல் நாளில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. வரிப் பதிவு பெற்ற கடைக்காரர் தம் மாநிலத்துக்குள் விற்றால் வரி மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரியும். வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த வரியாகும். வாங்குபவர் தரும் முகவரியைப் பார்த்துப் பில்லை மாற்றி எழுத மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைகேட்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் கடையில் காணப்பட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாகப் பதில் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். வாங்குபவரின் சம்மதத்தைக் கடையே முன்கூட்டி 'டிக்' செய்து வைப்பதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. மேலும் ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி, 2022 அக்டோபர் முதல், வாடிக்கையாளரின் அட்டை எண்ணைக் கடைக்காரர் தம்மிடம் சேமித்து வைக்கலாகாது. 'அடுத்த முறை வசதியாக இருக்கும்' என்று யாரேனும் சொன்னாலும் இணங்காதீர்கள்.

'நன்றாக' என்பது அளவன்று

'வேகமாக இருக்க வேண்டும்', 'எளிதாக இருக்க வேண்டும்' என்று எழுதுவதால் பயனில்லை. 'சாதாரண விலைச் செல்பேசியில், ஊர்ப்புறத்து இணைப்பில், முதல் பக்கம் 3 விநாடிக்குள் தெரிய வேண்டும்' என்று எழுதுங்கள். 'பெருநாளுக்கு முந்திய பத்து நாள்களில் 200 பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் நின்றுவிடக் கூடாது' என்று எழுதுங்கள். அளந்து பார்க்கக் கூடியதே தேவை, மற்றவை ஆசைகள்.

சிறு சொல்லும் பெரும் விளைவு தரும். பெயர் வெளியிடப்படாத ஒரு பெரிய இணையக் கடையைப் பற்றி ஜாரெட் ஸ்பூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009-இல் எழுதினார். வாங்க வந்தவரை, 'முதலில் பதிவு செய்க' என்று அந்தக் கடை வழிமறித்தது. அந்தப் பொத்தானை நீக்கி 'தொடர்க' என்று வைத்து, கணக்குத் தொடங்காமலேயே வாங்கலாம் என்றார்கள். வாங்கி முடித்தோர் தொகை 45 விழுக்காடு உயர்ந்தது. முதல் ஆண்டில் கூடுதலாகக் கிடைத்த விற்பனை 30 கோடி டாலர். வாசலில் நின்று முகவரி கேட்கும் கடைக்குள் நாம் நுழைவோமா?

நான்கு பங்காகப் பிரியுங்கள்

எழுதிய பட்டியலை நான்காகப் பிரிக்கும் முறை ஒன்றை டாய் கிளெக் என்பவர் 1994-இல் வகுத்தார். இல்லாவிட்டால் கடையே திறக்க முடியாது என்பவை. இருந்தாக வேண்டும், ஆனால் சில வாரம் பொறுக்கலாம் என்பவை. இருந்தால் நலம் என்பவை. இம்முறை வேண்டாம் என்று ஒதுக்குபவை. நான்காம் பங்குதான் பணத்தைக் காக்கும். நம் பாய்க் கடைக்குப் பணம் பெறுவதும் பெயர் ஒப்புதலும் முதற்பங்கு. ஆங்கிலப் பக்கம் இரண்டாம் பங்கு. பரிசுப் புள்ளிகள் மூன்றாம் பங்கு. தனிச் செல்பேசிச் செயலி நான்காம் பங்கு.

இப்படிப் பிரித்ததும் ஓர் உண்மை புலப்படும். நம் தேவைகளில் பெரும்பகுதி எல்லாக் கடைக்கும் பொதுவானது. அதற்கு ஷாப்பிஃபை, ஊகாமர்ஸ் போன்ற ஆயத்த மென்பொருள்கள் உள்ளன. பெயர் நெய்வதும் நாள் கணக்கிடுவதும் மட்டுமே நமக்கென்று தனியாகச் செய்ய வேண்டியவை. முழுக் கடையையும் புதிதாகச் செய்ய இலட்சங்கள் கேட்பவரிடம், பட்டியலைக் காட்டி, "இவற்றுள் எவை ஆயத்தமாகக் கிடைக்கும், தம்பி?" என்று மரியாதையோடு கேட்கலாம். பட்டியல் இல்லாதவரால் அக்கேள்வியைக் கேட்கவே முடியாது.

கையொப்பமிடுமுன்

இறுதியாக, தேவைப் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைத்து, பக்கந்தோறும் இருவரும் கையொப்பமிடுங்கள். கடையின் இணைய முகவரி உங்கள் பெயரில் பதிவாகட்டும். கடவுச்சொற்கள் உங்களிடம் இருக்கட்டும். வெளியாள் எழுதிய மென்பொருளின் பதிப்புரிமை, எழுத்து மூலம் மாற்றித் தரப்படாவிடில், எழுதியவரிடமே தங்கிவிடக் கூடும்; அதையும் ஒப்பந்தத்தில் தெளிவாக்குங்கள். பணத்தைத் தவணையாகப் பிரித்து, பட்டியலின் ஒவ்வொரு வரியையும் நீங்களே சோதித்துப் பார்த்து 'சரி' என்று குறித்த பின் கடைசித் தவணையைக் கொடுங்கள். இடையில் புதிதாக ஒன்று தோன்றினால் அதையும் எழுதி, அதற்குரிய நாளையும் கூலியையும் பேசிக்கொள்ளுங்கள். தம்பியின் உழைப்பும் வீணாகலாகாது அல்லவா?

உறவினரிடம் எழுத்தில் கேட்பது அவமதிப்பு என்று சிலர் தயங்குகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. எழுதாமல் விட்ட ஒரு வரிக்காகப் பேச்சு நின்றுபோன வீடுகளை எண்ணிப் பாருங்கள். இணையக் கடை தொடங்கும் எண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால், பணத்தைப் பற்றிப் பேசுமுன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மஃரிபுக்குப் பின் குடும்பமாக உட்கார்ந்து, வாங்க வருபவர் யார் என்ற முதல் கேள்விக்கு முதல் பக்கத்தில் விடை எழுதுங்கள்.