விளையாட்டுக்குச் சொன்னாராம்!

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்மா... இதுக்குப் போய்க் கோவிச்சுக்கலாமா?"

வேலைக்குப் போகும் பெண்களில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சொன்னவருக்கு அது விளையாட்டு. கேட்டவள் மறுநாளும் அதே ஆள் முன்னால் போய் நின்றாக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் கையைப் பிடித்து இழுப்பது மட்டும்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் குறைந்த எதுவும் கணக்கில் வராதாம்!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2013-ல் வந்த பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், தொடுவது ஒரு வகை மட்டுமே. இணங்கச் சொல்லிக் கேட்பது, இரட்டை அர்த்தப் பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, சைகை என்று பெண் விரும்பாத பாலியல் நடத்தை எல்லாமே அதில் வரும். அதோடு சேர்த்து "ஒத்துக்கொண்டால் சம்பளம் ஏறும், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வராதே" என்று மிரட்டினால் அதுவும்தான். செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதல்ல கேள்வி. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு மென்பொருள் நிறுவன வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது: பார்க்க வேண்டியது செயலை, நோக்கத்தை அல்ல. "விளையாட்டுக்கு" என்ற சாக்கு அங்கேயே செல்லாக்காசு.

இதெல்லாம் சென்னைக் கம்பெனிகளின் பிரச்சினை என்று வானூரில் யாராவது நினைத்தால், நம் மாவட்டத் தலைநகர் விழுப்புரத்தில் நடந்த வழக்கைப் பார்க்கட்டும். 2021 பிப்ரவரியில், முதல்வர் சுற்றுப்பயணத்தின் பாதுகாப்புப் பணியின்போது காரில் தன்னிடம் தவறாக நடந்துகொண்டார் என்று, அப்போதைய சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது ஒரு பெண் ஐ.பி.எஸ். அதிகாரி புகார் கொடுத்தார். கார் எப்படிப் பணியிடம் ஆகும்? வேலை நிமித்தம் போகிற இடமும், வேலை கொடுத்தவர் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடம்தான் என்கிறது சட்டம். (கம்பெனி வேனில் புதுச்சேரிக்குப் போய்வரும் பெண்கள் இதை மனப்பாடமே செய்து வைக்கலாம்.)

புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன அந்த அதிகாரியின் வண்டியைச் செங்கல்பட்டு அருகே மறித்தது யார் தெரியுமா? போலீஸ்! 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. வண்டியை மறித்த விவகாரத்தில் அன்றைய செங்கல்பட்டு எஸ்.பி.க்கு அபராதம் 500 ரூபாய். 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டை விழுப்புரம் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பிறகு வழக்கு மேல் நீதிமன்றங்களுக்குப் போனது.

சல்யூட் வாங்குகிறவருக்கே புகார் கொடுக்க இந்தப் பாடு. திருவக்கரைப் பக்கம் கல் குவாரியில் ஜல்லி சுமக்கிற பெண் என்ன செய்வாள்?

10 பேர் வேலை செய்கிற இடமென்றால் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த கடை, பட்டறை, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு. முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. இவ்வளவும் சட்டத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டம் ஒழுங்காக அமல்படுத்தப்படவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே கடிந்துகொண்டது.

இத்தனைக்கும் இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் ஒரு கிராமத்துப் பெண். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, 1992-ல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானார். அதையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-ல் விசாகா தீர்ப்பு வந்தது. அது சட்டமாக மேலும் 16 வருடம்!

ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டத்திலும் புகாரை வாங்கி, 7 நாளில் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வானூர் தாலுகா ஆபீஸில் பட்டாவுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். இந்த அதிகாரி யார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் பெயரையும் போன் நம்பரையும் ஆபீஸ் சுவரில் பெயின்டில் எழுதி வைக்க என்ன பெரிய செலவாகிவிடும்?