எந்தக் கீழாநெல்லி?

“மூலிகைத் தரவுத்தளம் என்பது புத்தகத்தில் இருப்பதைக் கணினியில் ஏற்றும் குமாஸ்தா வேலை” என்கிறார் நண்பர். முற்றிலும் தவறு.

நாஞ்சில் நாட்டு வயல் வரப்பில் ஒரு கீழாநெல்லியைப் பிடுங்கிப் பாருங்கள். இலைகளுக்கு அடியில் கடுகளவு காய்கள் வரிசையாகத் தொங்கும். இதைப் பில்லாந்தஸ் நிரூரி என்றே நம் நூல்கள் பலவும் எழுதிவந்தன. அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தது. இங்கே நிற்பது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ். பெயர் பிசகினால் வேதிப்பொருள் கணக்கு முழுவதும் பிசகும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட இம்பாட் என்னும் தரவுத்தளத்தில் 1,742 மூலிகைகளையும் 9,596 வேதிப்பொருள்களையும், மாற்றுப் பெயர்களை ஒன்றோடொன்று இணைத்துத்தான் பதிந்தார்கள். அடுத்த பதிப்பில், ஒரு வேதிப்பொருள் இருப்பது வேரிலா, இலையிலா என்பதும் சேர்ந்தது. தாவரவியலும் வேதியியலும் தெரியாத குமாஸ்தாவால் இது ஆகுமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு வேதிப்பொருள் நம் உடலின் எந்தப் புரதத்தோடு சேரும் என்று அங்கே இருப்பது கணிப்பு. ஸ்டிச் என்னும் வேறொரு தரவுத்தளத்திலிருந்து எடுத்தது. அதைக் கணிப்பு என்றே குறித்தும் வைத்திருக்கிறார்கள். கணிப்பைச் சோதனை முடிவென்று சொல்லிச் சூரணம் விற்பவர்கள்மீது நண்பர் கோபப்படட்டும், நானும் சேர்ந்துகொள்கிறேன்.