கூரையைக் காத்து வயலை இழப்பதோ?

மலைவாழ் சிறுபான்மை மக்களின் ஊர்களைச் சுற்றுலாவுக்கென ஒழுங்கு செய்ய வருவோர் முதலில் கைவைப்பது எதில்? கூரையில். முதலில் பேண வேண்டியதோ வாய்க்கால் என்பேன்.

சீனத்தின் தென்மேற்கே யுன்னான் மாநிலத்தில், ஆய்லாவ் மலைச்சரிவுகளில் ஹானி மக்கள் 1,300 ஆண்டுகளாக உருவாக்கிய படிவயல்களை 2013ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பரப்பு 16,603 எக்டேர், ஊர்கள் 82. உச்சியில் காடு, அதன் கீழ் ஊர், ஊரின் கீழ் வயல், அடிவாரத்தில் ஆறு. காடு சேர்த்துத் தரும் நீர் ஊரின் ஊடே ஓடி, தொழு உரத்தையும் சுமந்துகொண்டு வயலில் இறங்குகிறது. மரத்திலோ கல்லிலோ வெட்டிய பள்ளங்கள் அந்நீரைப் பங்கிடுகின்றன. வாய்க்காலைக் காக்க ஊரார் ஒருவரை அமர்த்தி, அவருக்குத் தானியத்தைக் கூலியாக அளப்பது மரபு.

பயணியின் கண்ணில் இவை படுவதில்லை. நீர் தேங்கிப் பளபளக்கும் வயல்களும், காளான் வடிவப் புற்கூரைகளும் மட்டுமே படுகின்றன. ஆகவே திட்டங்களும் அவற்றையே நாடுகின்றன. கான்கிரீட் வீட்டின்மேல் புல் வேய்ந்து பழமை காட்டுகிறார்கள். கீழே மாடு, நடுவே மனிதர், மேலே தானியம் என்றிருந்த இருண்ட வீட்டில் ஒரு சன்னலையும் குளியலறையையும் அவ்வீட்டுப் பெண் விரும்பினால் அது குற்றமா? நம் நிழற்படத்துக்காக அவள் இருளில் வாழ வேண்டுமா?

"கூரை போனால் பயணி வரார், பயணி வராவிடில் வயலைக் காக்கப் பணம் ஏது?" என்பர். நியாயமான கேள்விதான். ஆனால் உழவருக்கு வருவாய் கிட்டாமல் இளைஞர் நகரத்துக்குக் கூலி தேடிப் போனால், உழாத வயல் வறண்டு வெடிக்கும், வரப்பு சரியும், அந்தச் சரிவு கீழ்வயலையும் கெடுக்கும். அப்போது காளான் கூரை எதற்கு?

அதே மலையின் அஜேகே என்னும் சிற்றூரில் 2018இல் சன் யாட்சென் பல்கலைக்கழகத்தார் துணையுடன் ஒரு நல்ல முயற்சி தொடங்கிற்று. சுற்றுலா வருவாயில் நூற்றுக்கு 30 ஊர்ப்பொது நிறுவனத்துக்கு, 70 குடும்பங்களுக்கு. அந்த 70ஐ மீண்டும் நூறாகப் பகுத்தால், மரபு வீட்டைப் பேணுவதற்கு 40, வயலைப் பேணுவதற்கு 30, ஊரில் குடியிருப்பதற்கு 20, ஊர்ப்பதிவுக்கு 10. ஊராரையே பங்காளிகளாக்கிய இம்முறையை மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் இங்கும் வீடு வயலை முந்திவிட்டதே! அந்த வரிசையை மாற்றுங்கள். வயலுக்கும் வாய்க்காலுக்கும் முதற்பங்கு கொடுங்கள்.

அழகு அங்கே உழைப்பின் விளைவு. உழைப்பவர் போய்விட்டால் அழகை எந்த வரைபடமும் மீட்டுத் தராது. திட்டம் தீட்டுவோர் காட்சிமேடைக்கு இடம் தேடுமுன், ஒருமுறை வாய்க்கால் காவலரோடு காடுவரை நடந்து வரட்டும்.