காற்றுக்கு வழிவிடுக

மன்னார்த் தீவிற் காற்றுக்குப் பஞ்சம் என்று எவரேனும் கூறின், கேட்போர் நகைப்பர். வைகாசி முதல் வீசும் சோளகம் தென்மேற்குக் கரையின் மணலை வாரி இறைக்கும். மாரியில் வாடை வடகிழக்குக் கரையில் வந்து மோதும். இவ்வலிமையை அறிந்தே அரசு 2020இல் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்றாலையை நிறுவியது. முப்பது கோபுரங்கள், 103.5 மெகாவாற்று ஆற்றல். ஆயினும் இத்தீவிலும் எதிர்க்கரையிலும் எழும் கட்டடங்களுட் பல, அக்காற்றை வாசலிலேயே மறித்து விடுகின்றன. தாழ்ந்த கூரை, ஒருபக்கம் மட்டும் யன்னல், உள்ளே புழுக்கம். காற்றை மின்சாரமாக்கக் கற்ற நாம், அதனைச் சுவாசிக்கக் கற்கவில்லை.

“மின்விசிறி இருக்கின்றது, நாளை குளிரூட்டியும் வரும்” என்று சிலர் அமைதி கூறுவர். மின்விசிறி அறையிலுள்ள காற்றையே கலக்குகின்றது. வீடுகளிலும் அலுவலகங்களிலும் சுவரிற் பொருத்தப்படும் குளிரூட்டியோ, அதே காற்றைத் திரும்பத் திரும்ப உறிஞ்சிக் குளிர்விக்கின்றது. புதிய காற்றைக் கொணர்வதில்லை. நாற்பது பேர் விட்ட மூச்சை அந்நாற்பது பேரும் மீண்டும் உள்ளிழுக்கின்றனர். அதற்கு மின்கட்டணமும் செலுத்துகின்றோம். காசமும் கொவிட்டும் பரவ இத்தகைய அடைபட்ட காற்றே உதவுகின்றது.

தேவைதான் எவ்வளவு? குடியிருப்பல்லாத கட்டடங்களில் ஒருவருக்குச் செக்கனுக்கு 10 லீற்றர் புதிய காற்று வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது. நாற்பது பிள்ளைகளுக்கு 400 லீற்றர். செக்கனுக்கு ஒரு மீற்றர் மட்டும் நகரும் மெல்லிய காற்று நேரே வந்து படும் ஒரு சதுர மீற்றர்த் திறப்பும், எதிர்ச்சுவரில் அதே அளவான மற்றொன்றும் இருப்பின், ஏறத்தாழ 500 லீற்றர் உட்புகும். எதிர்ச்சுவர்த் திறப்பே இங்கு முக்கியம். வெளியேற வழியற்ற காற்று உள்ளே வருவதுமில்லை.

இயற்கை மன்னாருக்கு இதனை எளிதாக்கியுள்ளது. தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கின்றது. சோளகமும் வாடையும் அதனைக் குறுக்கே கடப்பவை, ஒன்றுக்கொன்று நேரெதிரானவை. இவ்விரு திசைக்கும் திறந்த அறைக்கு ஒரு பருவத்தின் நுழைவாயிலே மறுபருவத்தின் வெளிவாயில். கிடுகு வாடி கட்டிய மீனவனுக்கு இது தெரியும். வரைபடம் கீறுவோர்க்குத் தெரியாதா?

போரினால் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 எஃகுப் பொருத்து வீடுகள் அமைக்க 2016 அளவில் அரசு முயன்றபோது, அவை எம் வெப்பத்துக்கும் உப்புக்காற்றுக்கும் ஒவ்வா என எதிர்ப்பு எழுந்தது. அத்திட்டம் எண்ணியவாறு நிறைவேறவில்லை. எதிர்த்தது நன்று. ஆனால் அதே அளவுகோலை எமது கல்வீடுகளுக்கு நாம் வைத்தோமா? அடைத்துக் கட்டுவதே அந்தஸ்து என்று நம்புவது நாமேயன்றோ?

மணல் புகும், மழை சாரலடிக்கும், நுளம்பு வரும் என்பர். மெய்யே. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. அவ்வாண்டின் இறுதியிலேயே, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகும் ‘அனோபிலிஸ் ஸ்டீபன்சை’ நுளம்பு இந்நாட்டில் முதன்முதலாக மன்னாரில் இனங்காணப்பட்டது. அதற்குப் பரிகாரம் வலையேயன்றிச் சுவரன்று. வலை காற்றைத் தணிக்கும். ஆதலின் திறப்பைப் பெரிதாக்குக. சாரலுக்கு நீண்ட தாழ்வாரமும் விறாந்தையும், மணலுக்குப் பனையோலை வேலியும், புழுக்கத்துக்குக் கூரையடியில் உயர்ந்த திறப்பும் உண்டு. இவற்றுள் எதுவும் வெளிநாட்டு வித்தையன்று.

எனவே ஒன்றைக் கேட்போம். மன்னாரில் எழும் ஒவ்வொரு பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் அங்கீகாரம் வழங்குமுன், சோளகம் எவ்வழி புகுந்து எவ்வழி வெளியேறும், வாடை எவ்வழி என்பதை வரைபடத்திற் காட்டுமாறு பணிக்க வேண்டும். காட்ட இயலாத வரைபடம் திருப்பி அனுப்பப்படல் வேண்டும். கோபுர இறக்கையைச் சுழற்றும் காற்றுக்கு, நோயாளியின் கட்டிலருகே செல்லவும் உரிமையுண்டு.